இருநூற்றுப் பதினோராம் பக்கம்

ஜூலை விடுமுறையின் முதற் சனி.
டாண்டெனோங் நூலகத்தின் பின்சுவரில்
திருப்பித் தரும் புத்தகங்கள் விழுகிற துவாரத்துக்கு இந்தப் பக்கம்
நான் நிற்கிறேன், கையுறையோடு.
மழையில் நனைந்தது ஒன்று.
பாண் துண்டைப் பக்க அடையாளமாக வைத்தது ஒன்று.
பிறகு, எல்லோரும் கேட்கிற அது.

படம் வெளிவந்த கிழமையிலிருந்து
எங்களிடமுள்ள ஒரே பிரதிக்கு
வரிசையில் நாற்பத்து மூன்று பிள்ளைகள்.
அதற்கு முன், ஆறு வருடத்தில்
ஒன்பது தரம் வெளியே போயிருக்கிறது.
அதில் இரண்டு தரம் என்னோடு.

இதன் அட்டையில் ஒரு உப்பேரி மட்டும்.
தூரத்தில் புள்ளியாய் ஒரு சிறுமி,
அவளருகே இன்னும் சிறிய புள்ளி.
அதுதான் பட்டன் என்கிற நாய் என்று
நாற்பதாம் பக்கம் போனால்தான் தெரியும்.
கடைகளில் தொங்கும் புதிய அட்டையில்
புள்ளிகள் கிட்ட வந்துவிட்டன.
சிறுமிக்குப் பல்வரிசை.
நாய்க்குச் சீவிவிட்ட ரோமம்.
"முகம் இருக்கிற புத்தகம் இல்லையா?"
என்கிறார்கள் பிள்ளைகள், ஏமாந்து.

நானும் போனேன், செவ்வாய்க்கிழமை, மலிவு டிக்கெட்டில்,
குறை பிடிப்பதற்கென்றே.
அப்பா ஒரு கடிதத்தை எழுதி எழுதிக் கிழிக்கிற அத்தியாயம்
படத்தில் இல்லை.
எதுவுமே நடக்காத அத்தியாயம்தான்.
எனக்கு அதுதான் புத்தகம்.
பல் டாக்டரிடம் போகப் பயப்படும் சித்தியும் இல்லை.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
ஆனால் அந்த உப்பு.
விடியுமுன் ஏரியின் மேலோடு
மெல்ல மெல்ல நொறுங்குகிற சத்தம்.
மூன்று பக்கம் எழுதியிருந்தும்
இரண்டு வாசிப்பிலும் எனக்குக் கேட்காதது
இருட்டில் கேட்டது.
சோளப்பொரி எடுத்த கை பாதிவழியில் நின்றது.
இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

பட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
திரையில் அது சேற்றிலிருந்து ஏறி வருகிறது,
உடம்பை ஒரு தரம் உதறுகிறது,
அரங்கு முழுக்கக் கைதட்டுகிறது.
புத்தகத்தில், இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில்,
அது வரவில்லை.
வாக்கியமே அவ்வளவுதான்: அது வரவில்லை.
அடுத்த வரியில் சிறுமி
அப்பாவின் கோப்பையைக் கழுவுகிறாள்.

வரிசையில் முதல் பெயர் ஆரூரன். வயது பத்து.
படத்தை மூன்று தரம் பார்த்தவன்.
நாய் உதறியதை
கணினி மேசைகளுக்கு நடுவில் செய்து காட்டி
காவலாளியிடம் பேச்சு வாங்கியவன்.
புத்தகத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.
ஸ்கேனர் சிவப்பாய்ச் சிமிட்டியது.
வாய்வரை வந்தது.
"மூன்று கிழமை" என்றேன்.

அந்த மூன்று கிழமையும்
பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது,
இப்போது எத்தனையாம் பக்கத்தில் நிற்பான் என்று
கணக்குப் போட்டபடி இருந்தேன்.

புத்தகம் துவாரத்தால் விழுந்தது.
அவன் உள்ளே வரவில்லை.

திரும்பி வருவதைக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும்,
உள்ளே இருப்பதை அகற்ற வேண்டும்,
அது எங்கள் விதி.
குலுக்கினேன். ஒன்றும் விழவில்லை.
ஒட்டியிருந்தது.
மஞ்சள் தாள். பென்சில். அழித்து அழித்து எழுதியது:
"அடுத்து வாசிக்கிறவருக்கு.
பயப்பட வேண்டாம்.
படத்தில் இது உயிரோடு வருகிறது."

விரல் நுனியால் ஓரத்தைக் கிளப்பினேன்.
பிறகு அழுத்தி ஒட்டினேன்.

அடுத்த பெயர் அச்சோல்.
படம் பார்க்காதவள். பார்க்கப் போவதில்லை என்றும்
கேட்காமலே சொன்னாள்.

ஆகஸ்ட் கடைசியில் திரும்பியது.
தாள் அதே இடத்தில்.
கீழே, நீல மையில்,
மறுபக்கம் தடிக்கும்படி அழுத்தி:
"அது வேறு நாய்."

புத்தகத்தை வண்டியில் வைத்தேன்.
இன்னும் நாற்பத்தொரு பேர்.